மீற்றர்காரன் கண்டது

எங்கள் வகுப்பு ஒன்றுகூடலில் எடுத்த படங்களைப் பார்த்து முடிக்க ஒரு நாள் போதாது. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கோணம். கேக் வெட்டுகிற படம் மட்டும் எழுபது எண்பது இருக்கும். அத்தனையிலும் அவன் ஒன்றில்தான் இருக்கிறான். அதிலும் முழு ஆளாக இல்லை. பருப்பு வாளியைப் பிடித்த ஒரு கை, அந்தக் கையில் கறுத்த வார் போட்ட பழைய மணிக்கூடு, அவ்வளவுதான். மிச்சம் கனடாக்காரன் ஒருவனின் வயிற்றுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

போன மாதம் எங்கள் வகுப்புக் குறூப்பில் ஒருவன் கேட்டான்: "மீற்றர்காரன்ரை படம் ஒண்டு ஆரிட்டையும் இருக்கோ?" ஒருவரிடமும் இல்லை. அவனோ ஓய்வு பெற்று, மகளோடு இருப்பதற்கு மட்டக்களப்புக்குப் போய்விட்டான். எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்றால் அவனிடம் இருப்பது பொத்தான் போன். ஆகவே குறூப்பின் அட்மின் என்ற முறையில் நானே ஒரு படம் எழுதித் தருகிறேன். பெயர் போடவில்லை. போட்டால் ஏசுவான்.

நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. நடக்கும்போது தலையைச் சற்று மேலே தூக்கியபடி நடப்பான். கரண்ட் மீற்றர் எல்லாம் சுவரில் உயரத்தில் இருப்பதால் வந்த பழக்கம் என்று நாங்கள் கேலி செய்வோம். உண்மையில் அந்த வேலைக்குப் போவதற்கு முன்பு, பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் நடந்தான். சட்டைப் பையில் இரண்டு பேனை, ஒரு சின்ன ரோச் லைற். யார் எதைச் சொன்னாலும் இடையில் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்பான். கேட்டு முடித்து ஒரே ஒரு சொல் சொல்வான்.

"கண்டனியோ?"

நீ உன் கண்ணால் பார்த்தாயா என்கிறான். "இல்லை, சொன்னவை" என்றால் அவனைப் பொறுத்தவரை அந்தக் கதை அத்தோடு முடிந்தது. இது எவ்வளவு எரிச்சல் தரும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் இருந்து இன்னார் வீட்டுச் சங்கதியைச் சுவையாகக் கதைத்துக்கொண்டிருப்போம். அவன் வந்து உட்கார்வான். "கண்டனியோ?" என்பான். பிறகு எல்லாரும் வெயிலைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் காலை, துறைமுகப் பக்கம் திமிங்கிலம் ஒன்று கரை ஒதுங்கியிருக்கிறது என்று கதை வந்தது. முதலாம் பாடத்தில் அது இருபது முழம். இரண்டாம் பாடத்தில் நாற்பது முழம், உயிரும் இருந்தது. மூன்றாம் பாடத்துக்குக் கணக்கு சேர் வந்து, "ஆரடா திமிங்கிலத்தைக் கண்டது?" என்று கேட்டபோது முக்கால்வாசிப் பேர் கையை உயர்த்தினோம். நானும் உயர்த்தினேன். அதன் கண் எவ்வளவு பெரிது என்றுகூடக் கையால் காட்டினேன். அவனுடைய கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. நாலாம் பாடம் தொடங்கும்போது, கால்சட்டை நனைந்து ஒட்டியிருக்க, வாசலில் வந்து நின்றான்.

"எங்கை போனனி?"

"பாக்கப் போனனான் சேர். அது திமிங்கிலம் இல்லை. கவிண்டு கிடக்கிற வள்ளம்."

பாடத்தைக் களவாக விட்டுப் போனதற்கு அவனுக்கு மூன்று அடி விழுந்தது. இருந்த இடத்திலிருந்து பொய் சொன்ன எங்களுக்கு ஒன்றும் விழவில்லை. அடித்து முடித்து, பிரம்பை மேசையில் வைத்துவிட்டு சேர் கேட்டார்: "வள்ளம் என்ன நிறம்?"

"பச்சை, சேர். அடிப்பக்கம் கறுப்பு."

சேர் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கை எழுதத் தொடங்கினார்.

இப்படிப்பட்டவனுக்கு மீற்றர் பார்க்கும் வேலை கிடைத்தது யாருடைய ஏற்பாடோ தெரியாது. அந்த வேலையில் வீடு பூட்டியிருந்தால் போன மாதக் கணக்கைப் பார்த்து ஒரு மதிப்பீடு எழுதிவிட்டுப் போகலாம். எல்லாரும் செய்வதுதான். அவன் செய்யமாட்டான். அடுத்த நாள் வருவான், அதற்கடுத்த நாளும் வருவான். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பான். நகரத்து நாய்கள் பாதிக்கு அவனைத் தெரியும். "காணாத இலக்கத்தை எப்பிடியடா எழுதிறது?" என்று என்னிடம் கேட்பான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்குப் போட்டோக்கொப்பிக் கடை. பனர், கல்யாணக் காட், அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். மாதத்தில் ஒரு நாள், நேரம் தவறாமல், என் கடை மீற்றரைப் பார்க்க வருவான். பில்லில் ஒப்பமிட்டுக் கிழித்துத் தருவான். வளைந்து போய்க் கடைசியில் தூண்டில்போல மேலே எழும் ஒப்பம். கண்ணை மூடிக்கொண்டும் அதை நான் அடையாளம் சொல்வேன்.

எங்கள் நகரத்து உவர்மலைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் தனியாக இருந்தார். ஒரு காற்றாடி, இரண்டு பல்ப், தேத்தண்ணிக்குக் கொஞ்ச நேரம் கரண்ட் அடுப்பு, அவ்வளவுதான் அவருடைய பாவனை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவருடைய மீற்றரில் சக்கரம் விடாமல் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இவன் இலக்கத்தை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கதவைத் தட்டினான். பதில் இல்லை. பின்பக்கத்தால் ஏறிக் குதித்துப் பார்த்தால், குசினியில் ஓவர்சியர் விழுந்து கிடக்கிறார். கரண்ட் அடுப்பில் கேத்தில் தண்ணீர் வற்றிச் சிவந்துபோய் இருக்கிறது. மனுசன் அதற்குப் பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்தார். எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்டபோது அவன் எங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தான். "சக்கரம் சுத்தினதைக் கண்டனான். பிறகென்ன?" என்றான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போகிறவனுக்கு எல்லார் வீட்டு உள்ளும் தெரியும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மகன் பகலிலேயே குடித்துவிட்டுக் கிடக்கிறான், எல்லாம் கண்ணில் படும். கல்யாணம் பேசுகிறவர்கள் அவனைத் தேடிப் போவார்கள். "தம்பி, அந்தப் பொடியன்ரை வீட்டுக்கு மாதா மாதம் போறனீங்கள்தானே, எப்பிடி ஆக்கள்?" என்று கேட்பார்கள்.

"நான் மீற்றரைத்தான் பாக்கப் போறனான், அம்மா."

இதற்கு மேல் ஒரு சொல் வாங்க ஏலாது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரின் உள்வீடுகளுக்குப் போய் வந்த மனிதனிடமிருந்து ஒரு வீட்டுக் கதைகூட வெளியில் வரவில்லை. நான் அவனுடைய இடத்தில் இருந்திருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும். இதை வெட்கப்படாமல் ஒத்துக்கொள்கிறேன்.

இனிக் குறூப்புக்கு வருகிறேன். ஓஎல் பரீட்சை எழுதி நாற்பது வருடம் ஆகிறது, ஒரு ஒன்றுகூடல் வைப்போம் என்று கனடாவிலிருந்து ஒருவன் யோசனை சொன்னான். நான் குறூப்பைத் தொடங்கினேன். இரண்டு கிழமையில் ஐம்பதுக்கு மேல் ஆள் சேர்ந்துவிட்டது. பாரிஸ், லண்டன், கொழும்பு, சீனன்குடா. காலையில் பூப்படமும் காலை வணக்கமும், மத்தியானத்தில் யாரோ சாப்பிட்ட மத்தியானச் சாப்பாடு. யாருக்கு வழுக்கை, யாருக்குச் சீனி வருத்தம், யார் மகள் பட்டம் பெற்றாள், எல்லாம் ஒன்றுகூடலுக்கு முன்பே தெரிந்துவிட்டது. நேரில் கண்டால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாரும் ஒன்றாகப் போடும் ரீசேட் நீலமா மெரூனா என்று மூன்று கிழமை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குறூப்பை விட்டுப் போய், மறுநாள் திரும்பி வந்தார்கள். அவனுக்கு இவற்றையெல்லாம் மாதம் ஒரு தடவை கடையில் வைத்து நான் சொல்வேன். ரீசேட் சண்டையைக் கேட்டுவிட்டு, "நல்லகாலம் என்னட்டை இந்தப் போன் இல்லை" என்று சிரித்தான்.

காலமான நண்பர்களுக்கு அஞ்சலி வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பெயர்களைச் சேர்த்தோம். ஏழு பேர் வந்தார்கள். எட்டாவதாகக் கனடாக்காரன் ஒரு பெயர் போட்டான்: தவராசா. கப்பல்துறையிலிருந்து சைக்கிளில் வருவான். கணக்கில் கெட்டிக்காரன். கிரிக்கெட் பந்து பட்டு இடது புருவம் இரண்டாகப் பிளந்திருக்கும். பிரச்சினைக் காலத்தில் தாயோடு இடம்பெயர்ந்து போனவன், பிறகு யாரும் பார்க்கவில்லை. பெயரைப் போட்டதுதான் தாமதம், கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. "ஆழ்ந்த அனுதாபங்கள்." "நம்ப முடியவில்லை." "அவனுடைய சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது." நாற்பது பேருக்கு மேல் கை கூப்பினார்கள். அதற்குப் பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? நான் பழைய வகுப்புப் படத்திலிருந்து அவன் முகத்தை வெட்டியெடுத்து, சுற்றிவர மாலை போட்டு, பனரில் எட்டாவது வட்டத்தில் வைத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

அன்று மீற்றர் பார்க்கும் நாள். அவன் இலக்கத்தை எழுதிவிட்டு, கொம்பியூட்டரை எட்டிப் பார்த்தான். ஏழு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எட்டாவதில் விரலை வைத்தான்.

"இவனை ஆர் கண்டது?"

"டேய், நாப்பது பேருக்கு மேலை கை கூப்பியிருக்கினம்."

"கூப்பட்டும். செத்ததை ஆர் கண்டது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பனர் மூன்று நாளில் போக வேண்டும். "எல்லாத்துக்கும் உன்ரை கண்டனியோ ஒண்டு. சனம் சும்மாவோ சொல்லும்?" என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "கேட்டுப் பார். உன்ரை போனிலைதானே எல்லாரும் இருக்கினம்" என்றான். தலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டான்.

கேட்டேன், அவனை மடக்குவதற்காகத்தான் கேட்டேன். கனடாக்காரனை அழைத்தேன். தனக்கு லண்டன்காரன் சொன்னதாகச் சொன்னான். லண்டன்காரனுக்குப் பாரிஸ்காரன் சொல்லியிருக்கிறான். பாரிஸ்காரனை அழைத்தேன்.

"மச்சான், தவராசா செத்தது உனக்கு ஆர் சொன்னது?"

"என்னடா கேக்கிறாய்? நீதானே சொன்னனி."

"நானோ?"

"நான் ஊருக்கு வந்த நேரம், உன்ரை கடை வாசல்லை நிண்டு கதைச்சனாங்கள். தவராசா எங்கையடா எண்டு கேட்டனான். அவனைக் கனகாலமாக் காணேல்லை, செத்துக்கித்துப் போனானோ தெரியாது எண்டு நீதான் சொன்னனி."

சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வந்தது. ஒரு பிளேன்ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்ன வார்த்தை. 'தெரியாது' என்ற கடைசிச் சொல் வழியில் எங்கோ கழன்று, மிச்சம் மூன்று நாடு சுற்றி, மாலை போட்டுக்கொண்டு என் கொம்பியூட்டருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. திமிங்கிலத்தின் கண்ணைக் கையால் காட்டியவன் நான்தானே.

பின்னேரம் அவனைத் தேடிப் போய் விசயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப ஒருத்தரும் காணேல்லை" என்றான். "பனரை மூண்டு நாளிலை அடிக்காதை. ஒண்டுகூடலுக்கு இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு. நான் பாத்திட்டு வாறன்."

எப்படிப் பார்த்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. சீனன்குடா, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று எல்லாப் பக்கத்திலும் மீற்றர் பார்ப்பவர்கள் அவனுக்குப் பழக்கம். அவர்களிடம் பெயரைச் சொல்லி விசாரிக்கவில்லை. எங்கள் வயது, இடது புருவம் பிளந்த ஆள், எந்த வீட்டுக் கேற்றிலாவது கண்டால் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறான். முதல் ஞாயிறு போய் வெறுங்கையோடு வந்தான். இரண்டாவது ஞாயிறும் போனான். எந்த வழியால் போனான் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை, நான் கடை திறக்கும்போது வாசலில் நின்றான். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"அந்தப் படத்தை எடு" என்றான்.

"இருக்கிறானோ?"

"ஓம். கண்டனான். புருவம் அப்பிடியேதான் இருக்கு."

சந்தோசத்தில் அவனைக் கட்டிப்பிடித்தேன். அடுத்த நிமிடமே அட்மின் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. எங்கே இருக்கிறான், நம்பர் என்ன, வருவானா, மேடைக்கு எப்படிக் கூட்டி வருவது. என் போனை அவன் கையில் திணித்தேன். "இண்டைக்கே போ. ஒரு படம், இல்லாட்டி அவன்ரை குரல்லை ரெண்டு சொல்லு. குறூப் அதிரும்!"

போனைத் திருப்பி என் மேசையில் வைத்தான். "அவன் வரமாட்டான். ஆக்களுக்கு முன்னாலை நிக்க அவனுக்கு விருப்பமில்லை. ஏனெண்டு கேட்டனான், சொன்னவன். அது எனக்குச் சொன்னது."

"சரி, வரவேண்டாம். ஒரு ஆதாரமாவது வேணுமேடா. இல்லாட்டி ஆர் நம்புவினம்? வாழ்நாள் முழுக்கக் கண்டனியோ கண்டனியோ எண்டு எங்களை வதைச்சனி. இப்ப நாங்கள் கேக்கிறம்."

"நான் உங்களிட்டை எந்த நாளிலையடா ஆதாரம் கேட்டனான்? கண்டனியோ எண்டுதானே கேட்டனான். ஓம், கண்டனான் எண்டு ஆரும் ஒரு ஆள் சொல்லியிருந்தா நம்பியிருப்பன்."

அவ்வளவு காலமும் அவனை நான் பிழையாகவே விளங்கி வைத்திருந்தேன். சனங்களை நம்பாதவன் என்றுதான் நினைத்திருந்தேன். கண்டேன் என்று சொல்கிற ஒருவனுடைய வாயை இவ்வளவு நம்பத் தயாராக இருந்தவன் எங்களுக்குள் வேறு யாரும் இல்லை. எங்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுக்கவில்லை.

படத்தை எடுத்தேன். ஏழு முகத்தோடு பனர் அடித்தேன். குறூப்பில் போட்டதும் பிரளயம். "ஆதாரம் எங்கே?" "பொத்தான் போன்காரன் சொன்னால் சரியா?" என்று கேட்டு, சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டார்கள். உயிரோடு இருந்தால் ஏன் ஒரு படம்கூட இல்லை என்று கனடாக்காரன் நியாயம் கேட்டான். அட்மினை மாற்ற வேண்டும் என்றும் ஒரு பேச்சு வந்தது. தவராசா செத்தான் என்று சொன்னபோது ஒருவரும் கேட்காத ஆதாரத்தை, இருக்கிறான் என்றதும் எல்லாரும் கேட்டார்கள்.

ஒன்றுகூடல் நாள். பள்ளிக்கூட மண்டபம். எல்லாரும் மெரூன் ரீசேட். அவன் மட்டும் வழமையான வெள்ளைச் சட்டையோடு சாப்பாட்டுப் பக்கம் நின்றான். எண்பது தாண்டிய கணக்கு சேரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நடுவில் இருத்தினோம். அலுமாரி ஒன்றின் அடியில் கண்டெடுத்த எங்கள் பழைய வரவு இடாப்பை அவர் மடியில் வைத்தோம். அவர் பெயர் கூப்பிடுவார், நாங்கள் 'சேர்' என்று எழும்புவோம். காலமானவர்களின் பெயர் வரும்போது மேசையில் ஒரு விளக்கு ஏற்றப்படும். நிகழ்ச்சியை நடத்தியவன் கனடாக்காரன். மேசையைப் பார்த்தேன். எட்டு விளக்கு வைத்திருந்தான்.

பனரில் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்த என் புத்தியை நொந்துகொண்டேன். நிகழ்ச்சி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஓர் ஊரில், யாருடைய போனிலாவது, தவராசாவே தன் விளக்கைப் பார்க்க நேர்ந்தால்? எழும்பித் தடுக்க வேண்டியவன் நான். எழும்பவில்லை. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

"தவராசா."

கனடாக்காரன் எரிகிற மெழுகுதிரியோடு எட்டாவது விளக்குக்குக் குனிந்தான்.

"இண்டைக்கு வரேல்லை, சேர்."

பின்பக்கத்திலிருந்து வந்த குரல். எல்லாரும் திரும்பினோம். பருப்பு வாளியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். கனடாக்காரன் மைக்கில், "தயவுசெய்து, ஆதாரம் இல்லாமல்..." என்று தொடங்கினான். சேர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பின்பக்கம் பார்த்தார்.

"நீ கண்டனியோ?"

"கண்டனான், சேர்."

"திமிங்கிலத்தையோ, வள்ளத்தையோ?"

"ஆளைக் கண்டனான், சேர்."

சேர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். ஒன்பதாம் வகுப்பில் பார்த்த அதே பார்வை. பிறகு பேனையைக் கேட்டு வாங்கி, இடாப்பில் தவராசாவுக்கு நேரே, வராதவர்களுக்குப் போடுகிற பூச்சியத்தைப் போட்டார். "லீவுக் கடிதம் தந்தவனோ?"

"இன்னும் தரேல்லை, சேர்."

"கொண்டுவரச் சொல்லு. வீட்டுக்காரற்றை கையெழுத்தோடை. கையெழுத்து இல்லாட்டிச் செல்லாது எண்டு தெரியும்தானே."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எட்டாவது விளக்கு கடைசிவரை எரியவில்லை. நான் எழும்பிப் பின்பக்கம் போய் அவனுக்குப் பக்கத்தில் நின்று கறி பரிமாறினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். மிச்சத்தை எழுதலாமா என்று தவராசாவிடம் அவன் மூலம் கேட்டு அனுப்பினேன். ஊரைப் போடாதே, மற்றதை எழுது என்று பதில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, மீற்றர் பார்க்கும் நாளில், "சேரிட்டை ஒருக்காப் போவம் வா" என்றான். போனோம். சேர் வீட்டு விறாந்தையில் இருந்தார். இவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒற்றைக்கோட்டுத் தாள் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். சேர் வாசித்தார். பிறகு என்னிடம் தந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. கணக்குக் கொப்பியில் நான் பார்த்துக் களவெடுத்த அதே கையெழுத்து.

'கனம் ஐயா, சுகயீனம் காரணமாக என்னால் கடந்த நாற்பது வருடங்களாக வகுப்புக்குச் சமுகமளிக்க முடியவில்லை என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன். என் பெயரை இடாப்பிலிருந்து வெட்டாமல் வைத்திருக்கும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவன், ச. தவராசா.'

கீழே, வழக்கப்படி, 'பெற்றார் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்று எழுதி ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டுக்கு மேல் ஒப்பம் இருந்தது. வளைந்து போய்க் கடைசியில் தூண்டில்போல மேலே எழும் ஒப்பம். என் கடையின் எல்லாக் கரண்ட் பில்லிலும் இருக்கிற ஒப்பம்.

என் கை தன்பாட்டில் போனை எடுத்துவிட்டது. அவ்வளவு பேர் கேட்ட ஆதாரம், இதோ, என் மடியில். அவன் என் கையைப் பார்த்தான். போனைத் திரும்பப் பைக்குள் போட்டேன். சேர் கடிதத்தை வாங்கி, ஒன்றுகூடலுக்குப் பிறகு தன்னோடு வைத்திருந்த இடாப்பின் நடுவில் வைத்து மூடினார். "சரி, செல்லும்" என்றார்.

அன்று பின்னேரம் குறூப்பில் ஒரே ஒரு வரி போட்டேன். தவராசாவின் லீவுக் கடிதம் சேருக்குக் கிடைத்துவிட்டது என்று எழுதினேன். படத்தைப் போடு என்று உடனே நாலு பேர் கேட்டார்கள். அவர்களுக்கு நான் எழுதிய பதில் ஒரு சொல்தான்.

கண்டனான்.